பூச்சியின் தூதைத் தேடிய ஏழை ஆசிரியர்

இரவு மணி ஒன்பது இருக்கும். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் செரிஞான் என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் ஓரத்தில், மரங்கள் சூழ்ந்த ஒரு வீடு. வீட்டில் எல்லோரும் படுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று பக்கத்து அறையிலிருந்து பெரும் சத்தம் கேட்டது. பால் என்ற சிறுவன், பாதி உடை களைந்த கோலத்தில், அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். நாற்காலிகளைத் தள்ளினான், குதித்தான். பறவை போலப் பெரிய பெரிய பூச்சிகள் அறை முழுவதும் வந்துவிட்டன என்று அப்பாவைக் கூவி அழைத்தான்.

வயது முதிர்ந்த தந்தை ஓடி வந்து பார்த்தார். பையன் சொன்னது உண்மைதான். சமையலறையில் வேலைக்காரப் பெண் வௌவால்கள் புகுந்துவிட்டன என்று நினைத்து, தன் மேலங்கித் துணியால் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று காலையில், அவருடைய ஆராய்ச்சி மேஜையின் மேல், ஒரு கூட்டை உடைத்துக்கொண்டு பெண் அந்துப்பூச்சி ஒன்று வெளியே வந்தது. அதைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து வைத்திருந்தார். மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு, மகனுடன் அந்த அறைக்குப் போனார்.

அறையின் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பெரிய பெரிய ஆண் அந்துப்பூச்சிகள் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. கூரைக்குப் போயின, திரும்பி வந்தன. சிறகடித்து மெழுகுவர்த்தியை அணைத்தன. இருவரின் தோளிலும் முகத்திலும் மோதின. வீடு முழுவதும் வந்தவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 40 இருக்கும்.

அது மே மாதம் 6-ந்தேதி. காலையில் பிறந்த ஒரு பெண் பூச்சிக்கு, இரவுக்குள் 40 மாப்பிள்ளைகள்! இருட்டில், மரங்களைத் தாண்டி, வழி தெரிந்து வந்திருக்கிறார்கள். இவர்களுக்குச் செய்தி சொன்னது யார்?

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்திய அந்தப் பெரியவரின் பெயர் ஜான் ஹென்றி ஃபாபர். உலகம் போற்றும் பூச்சி ஆராய்ச்சியாளர். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி, சம்பளம் போதாமல் தவித்த ஒரு பள்ளி ஆசிரியர்.

எலுமிச்சம்பழம் விற்ற சிறுவன்

ஃபாபர் 1823-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பிரான்சின் தெற்கு மலைப்பகுதியில் உள்ள செயின்ட் லியோன்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். ஒரு வயிறாவது குறையட்டும் என்று, குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆடு மாடுகளுக்கு நடுவே வளர்ந்தார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஏழு வயதில் சொந்த ஊர் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அது பள்ளிக்கூடம் என்று பெயருக்குத்தான். ஆசிரியரே ஊருக்கு நாவிதர். கோவில் மணி அடிப்பவரும் அவரே. வகுப்பு நடக்கும்போதே பன்றிக்குட்டிகளும் கோழிகளும் உள்ளே வந்து போகும். தந்தை வாங்கிக் கொடுத்த மிருகப் படங்கள் போட்ட தாளைப் பார்த்துத்தான் ஃபாபர் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார்.

பிழைப்புத் தேடி குடும்பம் ஊர் ஊராக மாறியது. ரோடெஸ், துலூஸ், மான்ட்பெல்லியே என்று போன இடமெல்லாம் தந்தை காபிக்கடை வைத்தார். எந்தக் கடையும் ஓடவில்லை. ரோடெஸ் நகரில் இருந்தபோது, பள்ளிக் கோவிலில் பூசை எடுபிடி வேலை செய்ததற்காகப் பையனுக்குச் சம்பளம் வாங்காமல் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கடைசியில் குடும்பம் சிதறியது. பையன் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. போக்கேர் என்ற ஊர்ச் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரெயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். ஒருநாள் கையில் இருந்த கடைசிக் காசையும் ஒரு கவிதைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டு, வேலியோரத் திராட்சையைத் தின்று பசியாறியது உண்டு.

அவிஞான் நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படிக்க உதவித் தொகைக்குப் போட்டித் தேர்வு வைத்தார்கள். ஃபாபர் எழுதினார். முதலாவதாக வந்தார். சாப்பாடும் படிப்பும் ஒரே இடத்தில் கிடைத்தன.

ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு புத்தகம்

1842-ம் ஆண்டு, 18 வயதில் ஃபாபர் கார்ப்பென்ட்ராஸ் என்ற ஊரில் ஆசிரியர் ஆனார். சம்பளம் ஆண்டுக்கு 700 பிராங்க்.

மாணவர்களை நில அளவைப் பாடத்துக்காக வெட்டவெளிக்கு அழைத்துப் போவார். ஒருநாள் பையன்கள் அளப்பதை விட்டுவிட்டு, கற்களைப் புரட்டி எதையோ குச்சியால் எடுத்து நக்கிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று பார்த்தார். மண்ணால் கூடு கட்டும் ஒருவகைத் தேனீயின் தேன்! அன்று ஆசிரியரும் மாணவர்களோடு சேர்ந்து தேன் எடுத்தார்.

அந்தத் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. புத்தகக் கடையில் பூச்சிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்று இருந்தது. விலை கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார். அந்த மாதத்தை எப்படி ஓட்டினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

1844-ல் திருமணம் நடந்தது. முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் படிப்பை விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானே படித்துக் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்றார். கார்சிகா தீவில் சில ஆண்டுகள் பௌதிக ஆசிரியராக இருந்தார். 1853-ல் அவிஞான் நகர உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். 1855-ல் பாரிசில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டங்கள் வந்தன, பதவி உயர்வு வரவில்லை. அவிஞானில் வேலை பார்த்த ஆண்டுகள் முழுவதும் சேர்ந்த அதே பதவியில்தான் இருந்தார். டியூஷன் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மிஞ்சிய நேரத்தில் குளவிகளையும் வண்டுகளையும் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரைகளைப் படித்த சார்லஸ் டார்வின், இவரைப் போல உற்று நோக்குபவர் வேறு எவரும் இல்லை என்ற பொருள்படத் தமது நூலில் பாராட்டினார். பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தாலும் இருவருக்கும் இடையே மதிப்புக் குறையவில்லை.

கூட்டை ஆட்டிப் பார்த்த விஞ்ஞானி

1865-ம் ஆண்டு ஒருநாள், ஃபாபர் வீட்டுக் கதவை ஒரு விருந்தாளி தட்டினார். அவர் லூயி பாஸ்டர்! பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் நோய் கண்டு கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கம் பாஸ்டரை அனுப்பியிருந்தது.

பட்டுப்புழுவின் கூட்டைப் பார்க்க வேண்டும் என்றார் பாஸ்டர். ஃபாபர் சில கூடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்டர் ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தார். கூட்டுக்குள் புழு அந்துப்பூச்சியாக மாறுகிறது என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது!

ஃபாபர் சிரிக்கவில்லை. ஒன்றும் தெரியாது என்ற நிலையிலிருந்து துணிந்து தொடங்கும் மனிதரைக் கண்டு மதிப்பே கொண்டார். பட்டுப்புழு நோயைப் பாஸ்டர் பின்னர் வென்றார். தெரியாமையோடு தொடங்குவது தவறல்ல என்ற பாடத்தை ஃபாபர் மறக்கவே இல்லை.

அன்று பாஸ்டர், உங்கள் திராட்சை மது அறையைக் காட்டுங்கள் என்றும் கேட்டார். ஃபாபருக்கு ஏது மது அறை? சமையலறை மூலையில், ஒரு நாற்காலி மேல் இருந்த ஒற்றை ஜாடியைக் காட்டினாராம்.

வறுமை தீர ஒரு வழி தேடினார் ஃபாபர். மஞ்சிட்டி வேரிலிருந்து சிவப்புச் சாயத்தைத் தூய்மையாக எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தார். தொழிற்சாலையும் தொடங்கும் நேரம். 1868-ல் ஜெர்மானிய ரசாயனிகள் அந்தச் சாயத்தைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். ஃபாபரின் உழைப்பு வீணாயிற்று.

பூவைப் பற்றிச் சொன்னதால் வந்த வினை

அப்போது பிரான்சின் கல்வி மந்திரி விக்டர் டுருய். அவர் ஃபாபரின் திறமையை அறிந்து அரசாங்க விருது வாங்கிக் கொடுத்தார். ஏழைகளுக்கும் பெண்களுக்கும் மாலை நேரத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகளை ஆரம்பித்தார். அவிஞானில் ஃபாபர் பாடம் நடத்தினார். கூட்டம் நிரம்பி வழிந்தது.

ஒருநாள் அவர் பூக்களைப் பற்றிப் பேசினார். மகரந்தம் எப்படிச் சூலகத்தை அடைகிறது, விதை எப்படி உண்டாகிறது என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இளம் பெண்களும் இருந்தார்கள்.

அவ்வளவுதான். கன்னிப் பெண்களிடம் இதைச் சொல்லலாமா என்று ஊர்ப் பெரிய மனிதர்களும் மத குருமார்களும் கொதித்தார்கள். பூவின் கருவுறுதல் அவர்களுக்கு ஆபாசமாகத் தெரிந்தது. மந்திரி டுருய் ஏற்கெனவே பதவி இழந்திருந்தார். ஆதரிக்க ஆள் இல்லை.

ஃபாபர் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் பக்தி மிகுந்த இரண்டு வயதான பெண்மணிகள். ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லை. வேலையும் கையை விட்டுப் போயிற்று. மனைவி, குழந்தைகளோடு எங்கே போவது? வண்டிச் சத்தத்துக்கும் பணம் இல்லை.

அப்போது கை கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். இந்தியாவுக்கும் தொடர்புள்ள பெயர்தான் அது. ஃபாபர் பிறந்த அதே 1823-ம் ஆண்டில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 35 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர். அவருடைய மனைவி அவிஞானில் இறந்ததால், கல்லறைக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கி அடிக்கடி வந்து தங்குவார். செடிகளைத் தேடி அலைவதில் அவரும் ஃபாபரும் கூட்டாளிகள்.

ஃபாபரின் கடிதம் கண்டதும் மில் 3,000 பிராங்க் அனுப்பினார். அடமானம் கேட்கவில்லை. பத்திரம் எழுதி வாங்கவில்லை. ஃபாபர் அந்தப் பணத்தில் ஆராஞ் என்ற ஊருக்குக் குடிபோனார். மாணவர்களுக்கான விஞ்ஞான நூல்களை இரவு பகலாக எழுதினார். கடனைக் கடைசிப் பிராங்க் வரை திருப்பிக் கொடுத்தார்.

கல்லும் முள்ளும் நிறைந்த சொர்க்கம்

ஆராஞ்சில் இருந்தபோது பெரிய இடி விழுந்தது. 1877-ல் மகன் ஜூல்ஸ் 16 வயதில் இறந்துபோனான். அப்பாவோடு பூச்சி தேடி அலைந்த பிள்ளை. தாம் கண்டுபிடித்த சில குளவி இனங்களுக்கு ஃபாபர் மகனின் பெயரைச் சூட்டினார்.

1879-ல் புத்தக வருமானத்தைச் சேர்த்து, செரிஞானில் ஒரு வீடும் சுமார் இரண்டரை ஏக்கர் நிலமும் வாங்கினார். கல்லும் முள்ளும் மண்டிய தரிசு. அந்த வட்டாரப் பேச்சில் அப்படிப்பட்ட நிலத்துக்கு ஹார்மாஸ் என்று பெயர். வேறு எவருக்கும் வேண்டாத அந்த இடம் குளவிக்கும் தேனீக்கும் பிடித்த இடம். ஆகவே ஃபாபருக்கும் பிடித்த இடம். வாழ்க்கையில் முதன்முறையாக, காலி செய் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு வீடு அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 55.

தமது பூச்சி நினைவுகளின் பத்துத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை இங்கேதான் எழுதினார். முதல் தொகுதி 1879-லும், பத்தாவது 1907-லும் வெளிவந்தன. முதல் மனைவி 1885-ல் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டார். அந்த மனைவிக்குப் பிறந்தவன்தான் மே மாத இரவில் கூச்சல் போட்ட சிறுவன் பால்.

வாசனையா? வேறு ஏதாவதா?

அன்று வந்தது ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அந்துப்பூச்சி இனம். சிறகில் மயில் கண் போன்ற புள்ளி இருக்கும். முழுப் பூச்சியான பிறகு அது ஒன்றும் தின்னாது. சில நாட்கள்தான் உயிரோடு இருக்கும். அந்தச் சில நாட்களுக்குள் ஆண் பெண்ணைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

முதல் எட்டு இரவுகளில் வந்த ஆண்களை ஃபாபர் எண்ணினார். மொத்தம் சுமார் 150. அந்த வட்டாரத்தில் அது அரிதான பூச்சி. அத்தனையும் அக்கம்பக்கத்தில் இருந்திருக்க முடியாது. தொலைவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கூண்டைத் தினமும் வேறு வேறு இடத்தில் மறைத்து வைத்தார். ஆண்கள் புது இடத்துக்கே வந்தன. ஆகவே நினைவை வைத்து அவை வரவில்லை.

ஆண் பூச்சியின் தலையில் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகள் உண்டு. அவைதான் வழி காட்டுகின்றனவோ என்று சிலவற்றின் கொம்புகளைக் கத்தரித்து விட்டுப் பார்த்தார். மறுநாள் அநேகமாக எதுவும் திரும்பி வரவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்று வேறு யாராவது இருந்தால் எழுதியிருப்பார்கள். ஃபாபர் அவசரப்படவில்லை. கொம்பை வெட்டாமல், அடையாளத்துக்கு முதுகு ரோமத்தை மட்டும் கத்தரித்த பூச்சிகளையும் விட்டுப் பார்த்தார். அவற்றிலும் பெரும்பாலானவை திரும்பவில்லை. அவற்றின் ஆயுள் அவ்வளவுதான்! எனவே கொம்புச் சோதனையால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்று எழுதி வைத்தார்.

அடுத்து, பெண்ணைப் பெட்டியில் அடைத்தார். தகரப் பெட்டி, மரப் பெட்டி, அட்டைப் பெட்டி, கண்ணாடிக் கூண்டு எல்லாம் பயன்படுத்தினார். காற்றுப் புகாமல் மூடினால் ஒரு ஆண் பூச்சியும் வரவில்லை. சிறு இடைவெளி இருந்தால் போதும். பெட்டியை அலமாரிக்குள் வைத்து மூடினாலும் வந்து கதவை முட்டின.

அப்படியானால் வாசனைதானே? மனித மூக்குக்கு அங்கே எந்த வாசனையும் தெரியவில்லை. கூண்டுக்குள் ரசகற்பூர உருண்டை வைத்துப் பார்த்தார். அதன் நெடியில் பெண்ணின் வாசனை மூழ்கிப்போக வேண்டும். ஆனால் ஆண்கள் எப்போதும் போல நேராக வந்து சேர்ந்தன. ஃபாபர் குழம்பினார்.

நாற்காலியை மொய்த்த மாப்பிள்ளைகள்

வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ஏழு வயதுப் பையன் ஒருநாள் ஒரு கூட்டைக் கொண்டுவந்தான். ஃபாபர் இரண்டு காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். அது வேறொரு இனத்தின் கூடு. அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக அவர் கண்ணிலேயே படாத இனம்.

பெண் பூச்சி வெளியே வந்தது. முதல் இரண்டு நாள் எந்த ஆணும் வரவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில், நல்ல வெயிலில், சுமார் 60 ஆண்கள் வந்து குவிந்தன. பெண் பருவமடைந்து தூது அனுப்ப இரண்டு மூன்று நாள் ஆகிறது என்று ஃபாபர் குறித்துக்கொண்டார்.

பிறகு பெண்ணைக் கண்ணாடிக் கூண்டுக்குள் மாற்றி, ஜன்னலுக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். அது முந்தின இரவு தங்கியிருந்த மணல் தட்டையும் வெறும் கூண்டையும் அறையின் இருட்டு மூலையில் போட்டார். ஆண்கள் வந்தன. பெண்ணைத் தாண்டிப் போயின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த வெறும் கூண்டைத்தான் மொய்த்தன!

இன்னொரு முறை, பெண் உட்கார்ந்திருந்த ஓக் மரக் கிளையை எடுத்து ஒரு நாற்காலியில் வைத்தார். ஆண்கள் கிளைக்கு வந்தன. கிளை கீழே விழுந்த பிறகும், சில அந்த நாற்காலியை விடவில்லை. பெண் தங்கிய மணல், துணி, பஞ்சு எல்லாம் ஆண்களை இழுத்தன. உலோகமும் கண்ணாடியும் அந்த அளவுக்கு இழுக்கவில்லை.

சுற்றிலும் கிண்ணங்களில் லவண்டர் எண்ணெயும், மண்ணெண்ணெயும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ரசாயனமும் வைத்தார். அறைக்குள் மனிதர் நிற்க முடியவில்லை. ஆண்கள் தடையில்லாமல் வந்தன.

பெண்ணின் உடலிலிருந்து ஏதோ ஒன்று வெளிப்பட்டுப் பொருள்களில் ஒட்டிக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் வேறு நெடிகளால் மறையாத, இவ்வளவு தூரம் எட்டும் வாசனை எப்படிப்பட்டது? அப்போது எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அதைப் பற்றிப் பேசிய காலம். ஒளி அலைகளைப் போல, மனிதருக்குத் தெரியாத ஒருவகை வாசனை அலை இருக்குமோ என்று ஃபாபர் ஊகித்தார். ஊகத்தை ஊகம் என்றே எழுதினார். 1900-ல் வெளிவந்த ஏழாவது தொகுதியில் கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டார்.

முதுமையிலும் வறுமை அவரை விடவில்லை. அவருடைய பாடப் புத்தகங்கள் விற்பது நின்றுபோயிற்று. 1910-ல் நண்பர்கள் செரிஞானில் அவருக்கு விழா எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1913-ல் பிரான்சின் ஜனாதிபதி பாயின்கேர் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1915-ம் ஆண்டு அக்டோபர் 11-ந்தேதி, 91-வது வயதில் ஃபாபர் ஹார்மாசில் காலமானார்.

44 ஆண்டு கழித்து வந்த பதில்

பதிலைக் கொண்டுவந்தது, பாஸ்டர் காதருகே வைத்து ஆட்டினாரே, அதே பட்டுப்பூச்சிதான். மைசூர் பட்டும் காஞ்சிபுரம் பட்டும் தருகிற அதே இனம்.

ஜெர்மானிய ரசாயனி அடால்ப் பூடெனான்ட், நோபல் பரிசு பெற்றவர். அவரும் தோழர்களும் சுமார் 20 ஆண்டு உழைத்தார்கள். 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெட்டி எடுத்துச் சாறு பிழிந்தார்கள். கிடைத்த பொருள் சில மில்லிகிராம்! 1959-ல் அதன் அமைப்பை அறிவித்தார்கள். 16 கார்பன் அணுக்கள் கொண்ட ஒருவகை ஆல்கஹால் அது. பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். ஒரே இனத்துக்குள் செய்தி சொல்லும் இத்தகைய பொருள்களுக்குப் பெரோமோன் என்ற பொதுப் பெயரும் அதே ஆண்டில்தான் வந்தது.

அதன் பிறகு மற்ற விவரங்களும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பெண் அந்துப்பூச்சியின் வயிற்று நுனியில், கடைசி வளையங்களுக்கு நடுவே உள்ள தோலில் சுரப்பி இருக்கிறது. உடலில் உள்ள சாதாரணக் கொழுப்பு அமிலங்களே மூலப்பொருள். சுரப்பிச் செல்களில் உள்ள நொதிகள் அவற்றில் சிறு மாற்றங்களைச் செய்கின்றன. சில இனங்களில் கார்பன் சங்கிலியின் நீளம் குறைகிறது. குறித்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. கடைசியில் ஆல்கஹாலாகவோ வேறு பொருளாகவோ மாறுகிறது. பல இனங்களில் இரண்டு மூன்று பொருள்கள் குறித்த விகிதத்தில் கலக்கின்றன. கலவை மாறினால் அழைப்பும் மாறிவிடும். ஓர் இனத்தின் ஆண் மற்றோர் இனத்தின் பெண்ணிடம் போகாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எப்போது சுரக்க வேண்டும் என்ற உத்தரவு தலையிலிருந்து வருகிறது. தொண்டைக்குக் கீழே உள்ள நரம்பு முடிச்சிலிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து சுரப்பியை எட்டுகிறது. 33 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோனின் அமைப்பை 1989-ல், சோளக்கதிரைத் துளைக்கும் புழுவின் அந்துப்பூச்சியில் கண்டறிந்தார்கள். தன் இனத்துக்குரிய நேரம் வந்ததும் பெண் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து, வயிற்று நுனியை நீட்டி, சுரப்பியை வெளியே தள்ளுகிறது. மேற்பரப்பில் படர்ந்த பொருள் ஆவியாகிக் காற்றோடு போகிறது. ஆணோடு சேர்ந்த பிறகு, பல இனங்களில் சுரப்பது நின்றுவிடுகிறது.

ஃபாபரை வாட்டிய புதிர்களும் விடுபட்டன. மூடிய பெட்டியிலிருந்து துகள்கள் வெளியே வர முடியாது. அதனால்தான் ஆண்கள் வரவில்லை. எண்ணெய்த் தன்மை உள்ள பொருள் மணலிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நாற்காலியை மொய்த்தன. ரசகற்பூரம் ஏன் தடுக்கவில்லை? ஆணின் கொம்பில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்ரோமங்கள் அந்த ஒரு பொருளுக்கென்றே அமைந்தவை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல. வேறு நெடி எவ்வளவு அடித்தாலும் அந்தப் பூட்டைத் திறக்காது. அலை என்ற ஊகம் தவறிவிட்டது. கண்ணால் கண்டு எழுதியவை அப்படியே நின்றன.

இந்தியாவின் பருத்திக் காடுகளில், காய்ப்புழுவுக்கு எதிராக இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்கள். ஒரு சிறு ரப்பர் குப்பியில் பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாக ஏற்றித் தொங்கவிடுகிறார்கள். ஆண் பூச்சிகள் பெண் இருப்பதாக நினைத்து வந்து விழுகின்றன. வெறும் கூண்டை மொய்த்த அந்தப் பிற்பகல் காட்சிதான் இங்கேயும் நடக்கிறது.

செரிஞான் வீடு இன்று காட்சியகமாக இருக்கிறது. பூவின் மகரந்தத்தைப் பற்றிப் பெண்களிடம் பேசினார் என்று வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஆசிரியரின் மேஜையைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். நிரூபணம் ஆகாததை நிரூபணம் ஆகவில்லை என்றே அந்த மேஜையில் எழுதி வைத்தார் அவர். அதனால்தான், பின்னால் வந்தவர்களுக்கு அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தது.